காலிப் பெட்டிகளின் எடை

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்று புள்ளியம்மா சொன்னது அது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் உட்கார்ந்துகொண்டு சொன்னார். இந்த முறை எழுந்து நின்று சொன்னார்.

கதவோரம் நின்றிருந்த வால் என்கிறவனுக்கு அந்த அம்மாளைக் கண்டால் எப்போதுமே கொஞ்சம் பயம். இன்று பயத்தோடு மரியாதையும் சேர்ந்துகொண்டது. ஏனென்றால் எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்த அலுவலகத்துக்கே டைரக்டர். நாட்டிலிருந்து கப்பலேறுகிற பொருள், நாட்டுக்குள் வந்து இறங்குகிற பொருள் அத்தனையையும் எண்ணி, அரசின் பெயரால் வெளியிடுகிற அலுவலகம் அது. புள்ளியம்மா அங்கே கணக்குத் தொகுப்பாளர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. புள்ளிவிவரத்தோடே குடித்தனம் நடத்துகிறவர் என்பதால் வாசல் காவலாளி முதல் எல்லோருக்கும் அவர் புள்ளியம்மாதான்.

டைரக்டர் கோபப்படவில்லை. கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படாதவர்களிடம்தான் சட்டைப் பையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வாலின் அனுபவம்.

"நிதானமா யோசிங்கம்மா. நாளைக்குக் காலையில வருஷக் கணக்கு வெளியாகுது. மோட்டார் ஏற்றுமதியில சாதனைன்னு மந்திரி மைக் முன்னாடி சொல்லப் போறாரு. அதுக்குக் கீழ நீங்க ஒரு வரி எழுதி வச்சிருக்கீங்க. 'பெறும் நாட்டின் கணக்கு இந்த எண்ணிக்கையை உறுதி செய்யவில்லை.' இது தேவையா?"

"உண்மை சார்."

"உண்மைன்னா அட்டவணையில இருக்கணும். அடிக்குறிப்புல இருந்தா அதுக்குப் பேரு வம்பு." டைரக்டர் ஒரு தாளை நகர்த்தினார். அந்த வரி தன் கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்று புள்ளியம்மா எழுதிக்கொடுப்பதாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. "அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டீங்கன்னா அந்த வரி மட்டும் போகும். இல்லேன்னா நீங்க போற மாதிரி ஆயிடும்."

சொல்லிக்கொண்டே, மேசை விளிம்பில் இருந்த டீ கிளாஸை உள்பக்கமாக நகர்த்தி வைத்தார்.

அந்தக் கிளாஸ், பக்கத்து நாற்காலியில் இதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு வந்தது. அவள் எடுத்து ஒரு வாய் குடித்தாள். திரும்பவும் மேசையின் ஓரத்திலேயே வைத்தாள், பாதி மேசையிலும் பாதி அந்தரத்திலுமாக. டைரக்டரின் பேச்சு நிற்கவில்லை. கை மட்டும் தானாக வந்து கிளாஸை உள்ளே தள்ளியது.

"இவங்க யாரு?"

"என் தம்பி பொண்டாட்டி சார்."

"குடும்ப விஷயமா?"

"ஆமா. எங்க குடும்பத்துல யாரு எதுல கையெழுத்துப் போட்டாலும் இவ ஒரு தடவை படிச்சுப் பாத்துடுவா."

அந்தப் பெண்மணியின் பெயர் தராசு. அதாவது, ஊர் வைத்த பெயர். எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்தவள். பெரிய இடத்து மைத்துனர் ஒருவரின் பெட்ரோல் பங்க் ஒவ்வொரு லிட்டரிலும் ஒரு முழுங்கு திருடுகிறது என்று கண்டுபிடித்து, அதைப் பூட்டி சீல் வைத்தாள். அடுத்த வாரமே வேலையை விட்டாள். விட்டாளா, விட வைத்தார்களா என்று யாராவது கேட்டால் "ரெண்டும்தான்" என்பாள். பிறகு துப்பறியும் தொழில். தராசின் கூடப்பிறந்த தம்பிதான் உதவியாளன், டிரைவர், வசூல் இலாகா எல்லாம். சின்ன வயதில் அக்கா போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போனதால் அவனுக்கு வால் என்று பெயர். இப்போது சம்பளத்துக்குப் பின்னால் போகிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

நாத்தனாருக்கும் தராசுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பங்க் விவகாரத்தில், "ஒரு கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருந்திருக்கலாம்ல" என்று புள்ளியம்மா சொன்னதில் முறிந்த உறவு. இன்று காலை அந்த நாத்தனாரே போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை. "அந்தப் பங்கைப் பூட்டினியே, அந்தத் திமிர் இன்னும் மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"பொட்டலமா வேணுமா, மூட்டையா வேணுமா அண்ணி?" என்றாள் தராசு.

*

புள்ளியம்மாவின் அறை டைரக்டர் அறையில் கால்வாசி. ஜன்னல் வழியே துறைமுகத்தின் கிரேன்கள் தெரிந்தன.

"புரியற மாதிரி சொல்லுங்க அண்ணி. அக்கரைக்காரங்க என்ன உறுதி செய்யல?"

அக்கரை என்றால் கடலுக்கு அந்தப் பக்கத்து நாடு. ராத்திரி கப்பல் ஏறினால் விடிகிறபோது இறங்கலாம்.

"ஒரு கல்யாணம்னு வச்சுக்க. பொண்ணு வீட்டுக்காரங்க நாப்பது பேரை வேன்ல ஏத்தி அனுப்பினோம்னு எழுதறாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து இறங்கினவங்களை எண்ணி எழுதறாங்க. ரெண்டும் ஒத்துப் போகணுமா இல்லையா?"

"வழியில ரெண்டு பேர் டீ குடிக்க இறங்கியிருப்பாங்க" என்றான் வால்.

"ரெண்டு பேர் இறங்கலாம். முப்பத்தொம்பது பேர் இறங்குவாங்களா? நம்ம கணக்குப்படி அக்கரைக்குப் போன தண்ணீர் மோட்டார் நாப்பதாயிரம். அவங்க கணக்குப்படி வந்து சேர்ந்தது தொள்ளாயிரம். விலையைப் பாத்தா இன்னும் கேவலம். நாங்க கப்பல் ஏறும்போது இருக்கிற விலையை எழுதுவோம். அவங்க கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து இறங்கற விலையை எழுதுவாங்க. அதனால அவங்க எண் எப்பவும் நம்மளதைவிட ஒரு சுத்து பெருசா இருக்கணும். இங்க யானை கப்பல் ஏறுது. அங்க பூனை இறங்குது."

"நாப்பதாயிரத்துல யாருக்கு லாபம்?"

"ஒவ்வொரு மோட்டார் கப்பல் ஏறும்போதும் அரசாங்கம் ஊக்கத்தொகை கொடுக்குது. அனுப்பறது ஒரே ஆளு. பளபளன்னு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு மந்திரி பக்கத்துல போட்டோவுல நிப்பானே, அவன்."

"அனுப்பாமலே அனுப்பினேன்னு எழுதிட்டானா?"

"அதுதான் இல்ல. ஒவ்வொரு தடவையும் சுங்கக்காரங்க பெட்டியைத் திறந்து பாத்திருக்காங்க. மோட்டார் இருந்திருக்கு. கப்பல் ஏறியிருக்கு. அதுல ஒரு ஓட்டையும் இல்ல."

"வேற நாட்டுக்குப் போயிருக்கும்னு உங்க டைரக்டர் சொல்றாரே."

"சொன்னாரு. உடனே அக்கரையில எனக்கு எதிர்சீட்டுல இருக்கிற அம்மாவைக் கேட்டேன். அவங்களும் நானும் ஒருத்தர் கணக்கை ஒருத்தர் குறை சொல்லியே சிநேகமானவங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னா, பெட்டி எங்க நாட்டுக்குள்ளயே வரல, துறைமுகத்துல வேலி போட்ட யார்டு ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள இறங்குது, அதுக்குள்ளயே வேற கப்பல்ல ஏறிடுது, வேலிக்குள்ள நடக்கறதை நாங்க எண்ணறதில்லைன்னு."

"அது எப்படி, வந்த விருந்தாளியை வாசல்லயே நிக்க வச்சு எண்ணாம விடுவாங்களா?" வால் கேட்டான்.

"அது அவங்க முறை. ஒவ்வொரு நாட்டுக்கும் கோடு எங்க போடறதுன்னு ஒரு முறை உண்டு. அவங்களுக்கு வேலிக்கு உள்பக்கம்தான் வீடு."

தராசு ஜன்னலருகே போய்க் கிரேன்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முதுகைக் காட்டினால் ஏதோ கிடைத்துவிட்டது என்று பொருள். வால் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"அண்ணி, போனது எங்க போச்சுன்னு நீங்க தேடறீங்க. அதை விடுங்க. இங்க வந்து இறங்கறதுல நீங்க எதையெல்லாம் எண்ணாம விடறீங்க?"

புள்ளியம்மாவின் முகம் சிவந்தது. "நாங்க எதையும் விடறதில்ல."

"சோம்பேறித்தனமா விடறதைக் கேக்கல. முறைப்படி விடறது."

"அதுவா." புள்ளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கப்பல் தன் சாப்பாட்டுக்கு வச்சிருக்கிற அரிசி பருப்பு. பயணிங்க பெட்டி படுக்கை. ரிப்பேருக்கு வந்துட்டுத் திரும்பிப் போற மெஷின். அப்புறம், சரக்கை அனுப்பிட்டுத் திரும்பி வர்ற காலிப் பெட்டி. பெட்டி வியாபாரப் பொருள் இல்லம்மா. லாரி மாதிரி. லாரி ஊருக்குள்ள வரும்போதெல்லாம் ஒரு லாரி வாங்கினோம்னு எழுதினா கணக்கு நாறிடும். அந்த விதி ரொம்பச் சரியான விதி. இந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். டைரக்டருக்கும்கூட, அவர் வந்து சேர்ந்த புதுசுல…"

பாதியில் நின்றார். தராசு திரும்பினாள்.

"காலிப் பெட்டி" என்றாள். "மரப்பெட்டியை ஆணி பிடுங்கிப் பிரிச்சா கட்டு கட்டா அங்கயே விறகுக்கு வித்துடலாம். கப்பல் கூலி கொடுத்து எவன் திருப்பிக் கொண்டு வருவான்?"

*

துறைமுகத்தின் கடைசிக் கொட்டகைக்கு ஆள் நடமாட்டம் குறைவு. மதிப்புள்ள சரக்கெல்லாம் முன்பக்கம். இங்கே கிடப்பவை காலி டிரம்கள், காலிப் பலகைகள், காலிப் பெட்டிகள். காவலுக்கு இருந்த சுங்கக்காரரும் அந்த இடத்துக்குப் பொருத்தமாகக் கண்ணை மூடிக்கொண்டு காலியாக உட்கார்ந்திருந்தார்.

அக்கரையிலிருந்து காலையில் வந்து இறங்கிய மரப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. தராசு தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்காட்சிக்கு வந்தவள் போல ஒரு சுற்று நடந்தாள்.

"வால், என்ன தெரியுது?"

"பெட்டி தெரியுது."

"எப்படி வச்சிருக்காங்க?"

வால் மற்ற காலிகளைப் பார்த்தான். டிரம் மேல் டிரம், பலகை மேல் பலகை, கூரையை முட்டுகிற வரை அடுக்கியிருந்தது. இந்தப் பெட்டிகள் மட்டும் தரையில் தனித்தனியாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருந்தன.

"ஆளுக்கொரு பாய் போட்டு உட்கார வச்சிருக்காங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா அடியில இருக்கிறது நசுங்கிடும்னு பயம் போல."

"காலிக்கு ஏது பயம்? அடுத்தது, மூடியைப் பாரு."

மூடியைச் சுற்றி விரலளவு இடைவெளியில் ஆணி. ஆணிகளுக்குப் பக்கத்தில் பழைய ஆணி பிடுங்கிய ஓட்டைகள், அதற்குப் பக்கத்தில் அதைவிடப் பழைய ஓட்டைகள். பலகை சல்லடையாகியிருந்தது.

"என் வீட்டுப் பீரோவுக்கே ஒரு பூட்டுதான்கா. உள்ளே ஒண்ணுமில்லாத பெட்டிக்கு எவ்வளவு மரியாதை."

"தள்ளிப் பாரேன்."

வால் செருப்புக் காலால் ஒரு தள்ளு தள்ளினான். பெட்டி அசையவில்லை. அவன்தான் அசைந்தான். ஒற்றைக் காலில் இரண்டு சுற்று ஆடிவிட்டு, "உள்ள யாரோ குடியிருக்காங்க" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

சத்தத்தில் சுங்கக்காரர் கண் விழித்தார். தராசு அவரிடம் போய் நின்றாள்.

"சார், அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கணும்."

"முடியாதும்மா."

"ஏன்?"

"சரக்கா இருந்தா திறந்து பார்க்க எனக்கு அதிகாரம் உண்டு. அது சரக்கு இல்ல. காலிப் பெட்டி."

"காலிதான்னு எப்படித் தெரியும்?"

"காலின்னு சொல்லித்தான் இறக்கியிருக்காங்க."

"திறந்து பாத்தாத்தானே சரக்கா காலியான்னு தெரியும்?"

"சரக்கா இருந்தாத்தானே திறக்கலாம்?" சுங்கக்காரர் வருத்தத்தோடு சொன்னார். அவருக்கே அந்த வட்டம் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "எனக்கும் சந்தேகம் இல்லாம இல்லம்மா. ரெண்டு தடவை எழுதிக் கேட்டேன். 'காலிப் பெட்டிகள் கணக்கில் சேரா, பார்வையிடத் தேவையில்லை'ன்னு மேல இருந்து பதில் வந்துச்சு."

"எந்த மேல?"

"புள்ளிவிவர ஆபீஸ்ல கேட்டுத்தான் சொன்னாங்களாம்."

பக்கத்தில், பெட்டி தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வண்டி மேலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முரட்டு மீசை. "காலின்னு எழுதினா எங்களுக்குக் கூலியும் காலி" என்றார். "என் வண்டி முனகுது, அவங்க காலிங்கறாங்க. சண்டை போட்டா, உனக்கு வயசாயிடுச்சு, அதான் கனமா இருக்குங்கறான் அந்த வெள்ளைச் சட்டை."

தராசு அவரைப் பார்த்தாள். பிறகு கொட்டகைக்கு வெளியே, பத்தடி தள்ளிப் பளபளத்த கடலைப் பார்த்தாள். கொட்டகைக்கும் கடலுக்கும் நடுவே வெறும் சிமெண்டுத் தளம். தடுப்புக்கூட இல்லை.

போனை எடுத்தாள்.

"அண்ணி, உங்க டைரக்டர்கிட்ட கையெழுத்துப் போடறேன்னு சொல்லுங்க. ஆனா துறைமுகத்துக்கு வந்து, கடைசிக் கொட்டகையில கண்ணால ஒண்ணைப் பாத்துட்டுத்தான் போடுவேன்னு சொல்லுங்க. என்னன்னு சொல்லாதீங்க. முக்கியமா, மோட்டார்ங்கற வார்த்தை நம்ம மூணு பேர் வாயிலயும் வரக் கூடாது."

"கையெழுத்துப் போடறேன்னு பொய் சொல்லச் சொல்றியா?"

"போடறேன்னுதான் சொல்றீங்க. எதுலன்னு சொல்லலியே."

*

அரசு கார் வந்து நின்றது. புள்ளியம்மா முன்னால் இறங்கினார். டைரக்டர் கோப்போடு பின்னால் இறங்கினார். அவர்கள் வருவதற்குள்ளாகவே இன்னொரு கார் வந்து நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கியது வெள்ளைச் சட்டை. துவைத்து, கஞ்சி போட்டு, கோடு விழ இஸ்திரி போட்ட சிரிப்பு.

"இவரை யாருக்கா கூப்பிட்டது?" வால் கிசுகிசுத்தான்.

"நாம கூப்பிடல. ஞாபகம் வச்சுக்க."

வெள்ளைச் சட்டை நேராக வந்தார். "என் பெட்டிகிட்ட உங்களுக்கு என்னம்மா வேலை?"

"காலிப் பெட்டிதானே சார்? என் நாத்தனாருக்கு ஒரு சந்தேகம். மரப்பெட்டி தண்ணியில மிதக்குமா முழுகுமான்னு. மிதந்துச்சுன்னா இங்கயே கையெழுத்துப் போட்டுடுவாங்க. பெட்டிக்கு உண்டான விலையை நான் கொடுத்துடறேன்."

டைரக்டரின் புருவம் ஏறியது. "இது என்ன விளையாட்டு?" சுங்கக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்களே, தடுங்க."

சுங்கக்காரர் எழுந்து நின்றார். வாலுக்கு அவர் இவ்வளவு உயரம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"சரக்கா இருந்தா தடுக்கலாம் சார். இது சரக்கு இல்லைன்னு உங்க ஆபீஸ்தான் சொல்லியிருக்கு. திறக்கவும் எனக்கு அதிகாரம் இல்ல, தடுக்கவும் எனக்கு அதிகாரம் இல்ல."

மீசைக்காரர் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார். ஃபோர்க்லிஃப்டின் இரண்டு இரும்புக் கைகளும் ஒரு பெட்டியின் அடியில் நுழைந்தன. வண்டி முனகிக்கொண்டு பெட்டியைத் தூக்கியது, தளத்தைக் கடந்தது, விளிம்பில் போய் நின்றது. கைகளை மெல்ல முன்பக்கமாகச் சாய்த்தது. பெட்டி ஒரு சாண் நழுவி நின்றது.

வெள்ளைச் சட்டையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் வால். ஒரு கோடுகூட மாறவில்லை.

"தள்ளுங்க" என்றார் அவர். "போனாப் போகுது. பழைய மரம், பல தடவை நனைஞ்சு ஊறின மரம். முழுகினாலும் முழுகும். அதை வச்சு என்னத்தைக் கண்டுபிடிச்சேன்னு கோர்ட்ல சொல்லுவீங்க?"

ஆள் கெட்டிக்காரன். வேண்டாம் என்றால் மாட்டிக்கொள்வான் என்றுதானே அக்கா கணக்குப் போட்டாள். அவன் தள்ளு என்று சொல்லிவிட்டானே. பெட்டி முழுகும், சாட்சியும் முழுகும், மணி ஐந்தாகும், புள்ளியம்மா கையில் பேனாவைக் கொடுப்பார்கள். அக்காவைப் பார்த்தான்.

அக்கா வெள்ளைச் சட்டையைப் பார்க்கவேயில்லை.

"அவசரப்படாதீங்கண்ணே" என்று மீசைக்காரரிடம் சொன்னாள். "ஓரத்துலயே கொஞ்ச நேரம் வச்சிருங்க. பாதி உள்ள, பாதி வெளியில. அப்படியே."

பெட்டி அப்படியே நின்றது. காற்றுக்கு லேசாக அசைந்தது. இன்னும் ஒரு விரற்கடை நழுவியது. மரம் இரும்பில் உராய்கிற சத்தம் கேட்டது. வாலுக்கு அப்போதுதான் அந்த டீ கிளாஸ் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தான். டைரக்டரின் வலது கை கோப்புக் கட்டை விட்டுவிட்டு, பத்தடி தூரத்தில் இருக்கிற பெட்டியை உள்ளே இழுப்பது போலக் காற்றில் நீண்டிருந்தது. பெட்டி மேலும் ஒரு விரற்கடை நழுவியது.

"நிறுத்து" என்றார் டைரக்டர். குரல் கிறீச்சிட்டது. "உள்ள இழுங்க. இருபது மோட்டார் இருக்குய்யா அதுல."



வெள்ளைச் சட்டை கண்ணை மூடிக்கொண்டார். அந்த இஸ்திரி போட்ட முகம் முதல் தடவையாகக் கசங்கியது.

புள்ளியம்மா நடந்து வந்து டைரக்டரின் எதிரே நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"மோட்டார்னு யார் சார் சொன்னது?"

டைரக்டர் நீட்டிய கையைக் கீழே இறக்கினார்.

"இருபதுன்னு யார் சொன்னது?"

டைரக்டர் வெள்ளைச் சட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

"காலிப் பெட்டியை எண்ணக் கூடாதுன்னு உங்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இதே விரலால காட்டிச் சொல்லிக்கொடுத்தேன். எங்க நாங்க பாக்க மாட்டோம்னு தெரிஞ்சுக்கிட்டு, அங்க கொண்டுபோய் இவனுக்குக் கடை வச்சுக் கொடுத்திருக்கீங்க."

சுங்கக்காரர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அந்த வட்டத்திலிருந்து வெளியே வர வழி கிடைத்த மகிழ்ச்சி அவர் நடையிலேயே தெரிந்தது. "மோட்டார்னா சரக்கு" என்றார். "சரக்குன்னா திறக்கலாம். அண்ணே, பெட்டியைக் கொண்டாங்க."

ஆணிகள் முனகாமல் வந்தன. எத்தனை தடவை வந்து பழகியவை. உள்ளே இருபது மோட்டார்கள், இரண்டு அடுக்காக. மேலே புதுப் பெயிண்ட். அதற்கு அடியில் பழைய பெயிண்ட். மாட்டுவதற்கென்று மோட்டாரின் அடிக்காலில் இருக்கும் ஓட்டைகளில் ஒரு போல்ட்கூட நுழைந்த தடம் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் இறைக்காமல், ஊர் சுற்றியே கிழடு தட்டிப் போயிருந்தன.

"மொத்தம் முப்பது பெட்டி" என்றாள் தராசு. "அறுநூறு மோட்டார். இங்கிருந்து போகும்போது ஏற்றுமதி. அங்க வேலிக்குள்ளயே கப்பல் மாறுது, அதனால அவங்க எண்ணல. இங்க திரும்பி வரும்போது காலி, அதனால நீங்க எண்ணல. வருஷம் பூரா சுத்திச் சுத்தி அறுநூறு நாப்பதாயிரமாயிடுச்சு."

"நம்ம சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்த மாதிரிதான்" என்றான் வால். "அதே நாலு பேரு, முன்வாசல் வழியா பத்துத் தடவை."

மீசைக்காரர் வண்டியை விட்டு இறங்கி வெள்ளைச் சட்டையின் எதிரே வந்து நின்றார். "எனக்கு வயசாயிடுச்சுன்னீங்களே?" என்று மட்டும் கேட்டார். பிறகு, அந்த ஆள் தன் காருக்குப் போகிற வழியில் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

அலுவலகத்துக்குத் திரும்பும்போது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. டைரக்டரும் வெள்ளைச் சட்டையும் சுங்க அலுவலகத்தில், பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். புள்ளியம்மா தன் அறைக்குப் போகவில்லை. நேராக டைரக்டரின் மேசைக்குப் போய் அட்டவணையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டெலிபோன் அடித்தது. மந்திரியின் செயலாளர். குரல் அறை முழுக்கக் கேட்டது. விஷயம் அங்கே எட்டிவிட்டது, நாளை வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிப் போடலாம், அல்லது அந்த நாற்பதாயிரத்தை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்றார்.

"ரெண்டும் முடியாதுங்க" என்றார் புள்ளியம்மா. "வெளியிடற தேதி போன வருஷமே அறிவிச்சது. நாளைக்குன்னா நாளைக்குத்தான். அப்புறம், நாப்பதாயிரத்தை எடுக்க முடியாது. போனது போனதுதான். சுங்கக்காரங்க பாக்கக் கப்பல் ஏறின சரக்கு. அதே மாதிரி வந்தது வந்ததுதான். திரும்பி வந்த சரக்கும் இறக்குமதி. அதை இன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து சேக்கப் போறேன்."

செயலாளரின் குரல் இறங்கியது. "அப்படிச் சேர்த்தா என்ன ஆகும்?"

"மந்திரி தாராளமா சாதனைன்னு சொல்லலாம்ங்க. மோட்டார் ஏற்றுமதியிலயும் சாதனை, இறக்குமதியிலயும் சாதனை. நடுவுல என்ன மிஞ்சுதுன்னு பத்திரிகைக்காரங்களுக்குக் கழிக்கத் தெரியும்."

"நீங்க யாருகிட்டப் பேசறீங்கன்னு தெரியுதா?"

"தெரியுது. நீங்க யாருகிட்டப் பேசறீங்கன்னு குறிச்சுக்குங்க. கணக்குத் தொகுப்பாளர். மூணாவது மாடி. நாளைக்கும் இதே சீட்டுலதான் இருப்பேன். தூக்கணும்னா ஆள் அனுப்புங்க, ஆனா கணக்கு வெளியான பிறகு அனுப்புங்க."

ரிசீவரை வைத்தார். தராசு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வால் மூன்று டீ வாங்கிக்கொண்டு வந்து, மூன்றையும் மேசையின் ஓரத்திலேயே வைத்தான். யாரும் நகர்த்தவில்லை.

"அன்னைக்கு நீ பங்கைப் பூட்டினப்ப" என்று ஆரம்பித்தார் புள்ளியம்மா, அட்டவணையிலிருந்து தலையைத் தூக்காமல். "ஒரு கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருந்திருக்கலாம்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க அண்ணி."

"அது தப்புன்னு இப்ப வாய் விட்டுச் சொல்வேன்னு எதிர்பார்க்காத."

"வேண்டாம். அடிக்குறிப்புல போடுங்க, போதும்."

புள்ளியம்மா சிரிக்கவில்லை. ஆனால் கன்னம் காட்டிக்கொடுத்தது. தட்டச்சு செய்த அந்த மன்னிப்புத் தாளை எடுத்தார். இரண்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் செருகினார். மேசை ஆட்டம் நின்றது. அட்டவணைக்குக் கீழே, பெறும் நாடு உறுதி செய்யவில்லை என்ற பழைய வரியை அப்படியே விட்டார். அதற்கு அடுத்து இன்னொரு வரி சேர்த்தார்: காலிப் பெட்டிகள் என்று இறக்கப்பட்டவை சரக்கு என இன்று கண்டறியப்பட்டு, இறக்குமதியில் சேர்க்கப்பட்டுள்ளன.

ஒருமுறை படித்தார். பிறகு பேனாவைத் திருகித் திறந்து, மதியம் மூன்று முறை எழுந்தும் உட்கார்ந்தும் மறுத்த அந்தக் கையெழுத்தை, யாரும் கேட்காமலே, தொகுத்தவர் என்ற இடத்தில் முழுப் பெயரோடு போட்டார்.